கண்ணப்பனும் பிரஷ் வளையமும்

ஒரகடத்தில் தகடு அழுத்துகிற மெஷினில் வேலை பார்த்த மனிதருக்கும் மான் வேட்டை வில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால் வில் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண்ணப்பன் குன்றத்தூர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். ஒருநாள் மத்தியான ஷிப்டில் மெஷின் அவருடைய இடது கையைப் பிடித்துவிட்டது. சுண்டு விரலும் மோதிர விரலும் போயின, நடு விரல் பாதி நின்றது. எந்தக் கம்பெனி, யார் தப்பு என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதைப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், கதை நின்றுபோகும். கை ஆறிவிட்டது. ஆனால் எதையாவது நீட்டிப் பிடித்தால் நடுங்கும். லைனிலிருந்து எடுத்து அவரை டூல் ரூமில் உட்காரவைத்தார்கள். லைட் ஜாப் என்று அதற்குப் பெயர். ஸ்பேனர் கேட்டு வருகிறவனுக்கு ஸ்பேனர் கொடுக்க வேண்டும், திருப்பிக் கொடுத்தால் வாங்கி மாட்ட வேண்டும். அதற்கு ஓர் ஆளே வேண்டாம், செவுத்தில் ஓர் ஆணி போதும் என்று கண்ணப்பனே சொல்வார். சொல்லும்போது இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும். அந்தக் கையை அவர் வெளியே எடுத்து நான் பார்த்தது அப்போதெல்லாம் குறைவு.

அந்தப் பழைய மெஷினைத் தூக்கிவிட்டுப் புதியதை நிறுத்த அமெரிக்காவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து தங்கியிருந்தார். ஊரில் வேட்டைக்குப் போகிற மனிதர். இங்கேயும் ஏதாவது காடு இருக்கும் என்று நம்பி வில்லையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இங்கே மானைத் தொட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான் என்று யாரோ சொன்ன பிறகு வில் லாட்ஜ் அலமாரியில் தூங்கியது. ஊர் திரும்புகிற வாரம், டூல் ரூமில் ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், கண்ணப்பன் என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற ஒரு புண்ணியவான் "அது வேடன் பேர் சார்" என்று சொல்லிவைத்தான். மறுநாள் பெட்டியோடு வில் வந்து டூல் ரூம் மேசையில் உட்கார்ந்துவிட்டது. அந்த வெள்ளைக்காரர் இவருடைய இடது கையைக் கவனிக்காமல் கொடுத்தாரா, கவனித்துத்தான் கொடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் கோபு. ஸ்ரீபெரும்புதூர்க்காரன், வேறொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. கோயில் கைங்கர்யக் குடும்பத்தில் பிறந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆனால் வில்லைத் தூக்கிக்கொண்டு போகிறேனே என்று என் மனைவி வேங்கடலக்ஷ்மி இன்னமும் தலையில் அடித்துக்கொள்கிறாள். சேரப்பணஞ்சேரியில் விற்காமல் கிடக்கிற ஒரு மனைப் பிரிவில்தான் எங்கள் பயிற்சி. நுழைவாயில் வளைவு இருக்கிறது, நம்பர் போட்ட கற்கள் இருக்கின்றன, வீடுதான் ஒன்றும் வரவில்லை. பின்னால் ஏரிக்கரை உயர்ந்து நிற்பதால் தப்பிய அம்பு யார்மேலும் படாது. 'நீச்சல் குளம் வருகிறது' என்று போர்டு வைத்த இடத்தில் எங்கள் டார்கெட் நிற்கும். நாங்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் கம்பெனிக்காரர்கள், எல்லோருக்கும் வாய் நீளம்.

கண்ணப்பன் முதல் நாள் வந்தபோது அந்த வில் முழுக்க இலையும் சருகுமாகப் பெயின்ட் அடித்திருந்தது, காட்டில் மானுக்குத் தெரியாமல் இருக்க. போட்டிகளில் அந்த மாதிரி இலை டிசைன் கூடாது என்று நாங்கள் சொன்னோம். அடுத்த வாரமே நீலமாக வந்து நின்றது. குன்றத்தூரில் தண்ணீர் லாரிக்கு அடித்தது போக மிச்சமிருந்த பெயின்ட். பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, ஆனால் யாருக்கும் இல்லாத வில் என்பதில் சந்தேகம் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வில்லில் அம்பை வைத்து நாணை இழுக்கும்போது, அம்பின் முன்பாதி எதன்மேலாவது உட்கார வேண்டும். அதற்கென்று வில்லின் நடுவில் ஒரு சின்ன சாமான் மாட்டியிருக்கும். ரெஸ்ட் என்போம். உள்ளங்கையில் அடங்குகிற சாமான்தான், ஆனால் அது சரியில்லை என்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் புண்ணியமில்லை.

கண்ணப்பன் வில்லோடு வந்த ரெஸ்ட் ஒரு வளையம். உள்ளே சுற்றிலும் கறுப்பு முடி, பிரஷ் மாதிரி. நடுவில் ஓர் ஓட்டை, மேலே ஒரு பிளவு. அம்பைப் பிளவு வழியாக அழுத்தினால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. புதருக்குள் தவழ்ந்து போகிற வேட்டைக்காரனுக்குச் செய்த சாமான் அது. குறை என்னவென்றால், அம்பு கிளம்பும்போது அதன் இறகுகள் அந்த முடியை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் டார்கெட் அடிக்கிறவர்கள் அதைத் தொட மாட்டார்கள்.

அப்படித் தொடாதவர்களில் முதல் ஆள் சங்கரநாராயணன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர், மாநிலப் போட்டி வரை போனவர், அதை ஒரு நாளும் மறக்க விடாதவர்.

"என்னவே இது, பாட்டில் கழுவுத பிரஷ்ஷா?" என்றார் வளையத்தைப் பார்த்து. "புள்ளைங்க சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் மாட்டுவானுகள்ளா, அந்த மாதிரில்லா இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். கண்ணப்பனும் சிரித்தார். ஆனால் அன்று அவர் அடித்த அம்புகள் ஒன்றும் உருப்படவில்லை.

அந்தச் சிரிப்பு அவரை ஏன் அப்படிக் குத்தியது என்பது அவருடைய மனைவி இசைவாணியைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. படப்பை பக்கம் ஒரு கம்பெனியில், கார்களுக்குள் போகும் வயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக் கிளிப் மாட்டுகிற வேலை அவருக்கு. நாள் முழுக்க ஓடுகிற விரல்கள். அந்த விரல்களுக்கு மெதுவான ஒரு கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. காலையில் கண்ணப்பன் சட்டைக்கு இசைவாணிதான் பட்டன் போடுவார். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து நீட்டுவார். மீனில் முள் எடுத்துத் தட்டில் வைப்பார். ஹெல்மெட் வார் மாட்டுவார். கண்ணப்பன் ஒரு காரியத்தை ஆரம்பித்தால் பாதியில் இசைவாணியின் கை வந்து முடித்துவிடும். அன்புதான், அதில் சந்தேகமே இல்லை. விபத்து நடந்த நாளிலிருந்து அந்த அம்மாள் சரியாகத் தூங்கியிருப்பார் என்றுகூட நான் நினைக்கவில்லை.

"கொயந்த மாரி பாத்துக்கிறா சார்," என்றார் கண்ணப்பன் ஒருநாள், மனைப் பிரிவு வளைவுக்கு எதிரே டீக்கடையில். "வூட்ல அவ. கம்பெனில டூல் ரூமு. இங்க வந்தா அந்த பிரஷ்ஷு. எல்லாம் என்ன சுத்தி புட்ச்சிகினே கீது."

"சரி, என்னதான் வேணுங்கறீங்க?"

டீ டம்ளரைக் கீழே வைத்தார். "டிஸ்ட்ரிக்ட் செலக்‌ஷன் வருதுல்ல. செலக்ட் ஆவறதெல்லாம் அப்புறம். ஒரு நாள் ஃபுல்லா நின்னு, ஒரு அம்புகூட கீய வுழாம, நானே அட்ச்சி முடிக்கணும். இந்த கை ஒரு வேலைய முட்ச்சிச்சின்னு நான் பாக்கணும். அவ்ளோதான் சார்."

"முடியலைன்னா?"

"பொட்டில வெச்சி பரண் மேல போட்டுடுவேன். அப்பால இந்த கைய நான் கேக்கவே மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

முதலில் சங்கரநாராயணன் வைத்திருக்கிற மாதிரி ரெஸ்ட்டைத்தான் வாங்கினார். அது ஒரு மெல்லிய எஃகுத் தகடு, நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் நுனியில் அம்பு சும்மா உட்கார்ந்திருக்கும், பிடிக்க ஒன்றும் கிடையாது. நல்ல கைக்கு அதைவிடச் சுத்தமான ரெஸ்ட் வேறு இல்லை. கண்ணப்பன் நாணை இழுப்பார், இடது கை நடுங்கும், அம்பு தகட்டிலிருந்து சரிந்து, டிங் என்று வில்லில் இடித்து, காலடியில் விழும். எடுத்து மறுபடி வைப்பார். மறுபடி டிங். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் நாங்கள் ஏரியைப் பார்த்தோம், செருப்பைப் பார்த்தோம், செல்போனைப் பார்த்தோம். சங்கரநாராயணன்கூட வாயைத் திறக்கவில்லை. அவர் சும்மா இருந்ததுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அதில் ஒரு சின்னக் கை உண்டு. அந்தக் கையிலிருந்து ஒரு மெல்லிய கயிறு போய், வில்லில் நாணோடு சேர்ந்து நகர்கிற கேபிளோடு கட்டியிருக்கும். நாணை இழுக்க இழுக்கக் கயிறு இழுபட்டு அந்தக் கை எழும்பி அம்பைத் தாங்கிக்கொள்ளும், பக்கவாட்டில் சரியாமல் மேலே ஒரு கம்பி பார்த்துக்கொள்ளும். நாணை விட்டதும் கை சட்டென்று கீழே படுத்துவிடும். அம்பு எதையும் உரசாமல் போகும். கண்ணப்பன் அதைக் கடையில் பார்த்தபோது அந்தச் சின்னக் கையை விரலால் தூக்குவதும் விழவிடுவதுமாகப் பத்துத் தடவை செய்தார்.

"வேணுங்கற வரைக்கும் தாங்கிகினு, அப்புறம் வழி வுட்டுடுது," என்றார். "இத்தான் சார் ரெஸ்ட்டு."

மாட்டிக்கொடுத்தவன் ஜோயல். இங்கேதான் ஜோயலைப் பற்றி நான்கு வார்த்தை சொல்ல வேண்டும். கண்ணப்பன் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர், தங்கமான பையன் என்று சொல்ல வயது தாண்டிவிட்டது, தங்கமான மனிதன். கண்ணப்பனுக்காக உயிரைக் கொடுப்பான். ஆனால் அவனுக்கு வேலையே நட்டு கழலாமல் பார்த்துக்கொள்வது. லைனில் எந்த போல்ட்டை முடுக்கினாலும் முதலில் மரையில் ஒரு சொட்டு பசை விடவேண்டும், முடுக்கிய பிறகு போல்ட்டுக்கும் அடித்தகட்டுக்கும் சேர்த்து மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்கவேண்டும். கோடு விலகினால் போல்ட் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். பத்து வருடமாக அதைச் செய்துசெய்து, கழல வேண்டிய போல்ட்டும் உலகத்தில் உண்டு என்பது அவனுக்கு மறந்தே போய்விட்டது. இசைவாணியின் மிக்ஸி ஜாரில் பிளேடு ஆடுகிறது என்று ஒருமுறை சரிசெய்து கொடுத்தான். அதற்குப் பிறகு பிளேடு ஆடவில்லை. தேய்ந்துபோன பிளேடை மாற்றவும் முடியவில்லை. கடைக்காரர் கைவிரித்துவிட்டார், ஜாரோடு தூக்கிப்போட வேண்டியதாயிற்று. "ஜோயல் வூட்டுக்குள்ள ஸ்பேனரோட வந்தா நான் சாமானையெல்லாம் எட்த்து உள்ள வெச்சிடுவேன்," என்பார் இசைவாணி.

அந்த ஜோயல் பழைய வளையத்தைக் கழற்றும் முன்பே, வழக்கம்போல, அது இருந்த இடத்தை வில்லின் மேல் மஞ்சள் கோட்டால் குறித்துக்கொண்டான். அம்பு எங்கே போகிறது என்று குறிபார்க்கிற சைட்டிலும் ஒரு கோடு. பிறகு புது ரெஸ்ட்டை மாட்டினான். பெரிய போல்ட்டில் பசை. கயிற்றை இறுக்கிப் பிடிக்கிற கடுகளவு ஸ்க்ரூவிலும் பசை. நீல வில்லில் மஞ்சள் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன.

"இனிமே பூகம்பம் வந்தாலும் ஆடாதுண்ணா," என்றான்.

ஆடவில்லை என்பது உண்மை. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணப்பனைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. கை நடுங்கும், ஆனால் சின்னக் கை எழும்பி வந்து அம்பை ஏந்திக்கொள்ளும். டார்கெட்டின் நடு மஞ்சள் வட்டத்தில் அம்புகள் சேர ஆரம்பித்தன. சங்கரநாராயணன் பக்கத்தில் வந்து நின்று "பரவால்லயே" என்றார். அது அவரிடமிருந்து வந்தால் பொன்னாடை போர்த்திய மாதிரி.

செலக்‌ஷன் காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. கண்ணப்பன், ஜோயல், நான் மூவரும் பஸ்ஸில் போனோம். இசைவாணி லீவு போட்டுவிட்டு வந்தார், வேண்டாம் என்று கண்ணப்பன் சொன்னதைக் காதில் வாங்காமல். கையில் ஒரு பெரிய கூடைப் பை. லெமன் சாதம், தண்ணீர் பாட்டில், துண்டு, கைவலித் தைலம், இன்னும் என்னென்னவோ. பஸ்ஸில் இரண்டு தடவை பாட்டில் மூடியைத் திறந்து நீட்டினார். கண்ணப்பன் இரண்டு தடவையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. வரிசையில் பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். அவர்கள் நடுவில் தண்ணீர் லாரி நீலத்தில் ஒரு வில். பாதிச் சுற்றுகள் வரை கண்ணப்பன் நிதானமாக அடித்தார், ஒரு அம்பும் விழவில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பித் தலையை லேசாக ஆட்டுவார். ஜோயல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். இசைவாணி பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம்தான் அது நடந்தது. கண்ணப்பன் நாணை இழுத்தார். டிங். அம்பு காலடியில் விழுந்தது.

விதிப்படி அது எய்த அம்பு ஆகாது, எடுத்து மறுபடி போடலாம். எடுத்தார். வைத்தார். இழுத்தார். டிங்.

அவர் மூன்றாவது முறை குனியவில்லை. எய்கிற கோட்டிலிருந்து பின்னால் வந்து, வில்லை ஸ்டாண்டில் நிறுத்தினார். இடது கை நேராக பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. வாரக்கணக்கில் அதை வெளியே பார்த்துப் பழகிவிட்டிருந்தேன்.

"அவ்ளோதான் சார்," என்றார் என்னிடம். "கை வுட்டுடுச்சி. வாணி, பைய எடு. போலாம்."

ஜோயல் அதற்குள் வில்லின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். நாணை லேசாக இழுத்துப் பார்த்தான், மறுபடி இழுத்துப் பார்த்தான்.

"அண்ணா, கை இல்லண்ணா! ரெஸ்ட்டுதாண்ணா!" என்று கத்தினான். "இது பாதிதான் எயும்புது. கயிறு நீண்டுகிச்சி."

புதுக் கயிறு அடிக்க அடிக்கக் கொஞ்சம் நீளும், சரி. அவ்வப்போது அந்தக் கடுகு ஸ்க்ரூவைத் தளர்த்தி, கயிற்றை இழுத்து, மறுபடி முடுக்கினால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை. ஜோயல் ஸ்க்ரூ திருகுகிற சின்னச் சாவியைப் போட்டுத் திருகினான். அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் திருகினான். ஸ்க்ரூவின் தலை தேய்ந்து வழவழவென்று ஆனதுதான் மிச்சம். மஞ்சள் கோடு ஒரு நூல்கூட விலகவில்லை.

ஜோயல் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "பசை போட்டேன்," என்றான். "எல்லாத்துலயும் போட்டேன்ணா."

நான் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். சாமான் கோளாறுதான் என்று பார்த்துவிட்டு, சரிசெய்ய அவர் கொஞ்ச நேரம் கொடுத்தார். கொடுத்து என்ன பயன், மாற்று ரெஸ்ட் யாரிடம் இருக்கிறது? எஃகு நாக்கைக் கண்ணப்பன் புது ரெஸ்ட் வாங்கிய அன்றைக்கே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

அப்போது இசைவாணி கூடைப் பைக்குள் கையை விட்டார். லெமன் சாத டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே அந்தப் பிரஷ் வளையம்.

கண்ணப்பனுக்கு அவமானமா கோபமா தெரியவில்லை, முகம் கறுத்துவிட்டது. "இத யாரு எடுத்தாரச் சொன்னது? என் கைமேல உனுக்கு அவ்ளோ நம்பிக்கையா?"

"உன் கைய நம்பாம நான் எட்த்தாரல," என்றார் இசைவாணி. "ஜோயல் கைய நம்பாமதான் எட்த்தாந்தேன். என் மிக்ஸி ஜார மறந்துட்டியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைகுனிந்து நின்ற ஜோயலே சிரித்துவிட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கண்ணப்பன் மட்டும் சிரிக்கவில்லை. வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள், எல்லோரிடமும் எஃகு நாக்கு அல்லது எழும்பி விழுகிற கை. அவர்கள் நடுவில் போய் பாட்டில் பிரஷ்ஷை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

"ஜோயலு," என்றார் கடைசியில், "அந்த பெரிய போல்ட்ட கயட்டு."

ஜோயல் நீளமான சாவியை மாட்டி, உடம்பின் மொத்தக் கனத்தையும் அதன்மேல் போட்டான். பட்டென்று ஒரு சத்தம். முன்ஜென்மத்தில் செய்த புண்ணியம், போல்ட் அசைந்தது. புது ரெஸ்ட் கையோடு வந்தது. வளையத்தை மாட்ட ஜோயல் கை நீட்டினான்.

"குடு," என்றார் கண்ணப்பன். "நான் போட்றேன்."

வில்லை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வலது கையில் சாவி. இடது கையின் இரண்டரை விரலால் வளையத்தை மஞ்சள் கோட்டில் பொருத்திப் பிடிக்க வேண்டும், போல்ட் மரையில் ஏறும் வரை. கை நடுங்கியது. வளையம் வழுக்கியது. திரும்பப் பொருத்தினார். போல்ட் விழுந்து புல்லில் உருண்டது. தேடி எடுத்தார்.

நான் இசைவாணியைப் பார்த்தேன். அந்த அம்மாள் முந்தானைக்குள் இரண்டு கைகளையும் சுற்றி முறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். சேலைக்குள்ளே விரல்கள் துடிப்பது வெளியே தெரிந்தது. அவருக்கு அது ஒரு நொடி வேலை, நாள் முழுக்க அதைவிடப் பொடிக் கிளிப்புகளை மாட்டுகிறவர். உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் நிற்கிறது, ஆனால் கை வெளியே வரவில்லை. நான் என் வாழ்நாளில் எத்தனையோ பேர் எத்தனையோ கஷ்டமான காரியம் செய்து பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் ஒன்றும் செய்யாமல் நின்றதைப்போல் கஷ்டமான காரியம் பார்த்ததில்லை.

நடுவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். வளையம் இன்னொரு முறை வழுக்கியது. கண்ணப்பன் கையைக் கீழே வைத்தார். மூச்சு விட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"வாணி. கொஞ்சம் புடி."

முந்தானை முறுக்கு எப்படி அவிழ்ந்தது என்றே தெரியவில்லை, இசைவாணி அவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"எங்க?"

"இங்க. இந்த மஞ்ச கோட்ட ஒட்டி. வுடச் சொல்றப்போ வுடு."

இசைவாணி இரண்டு விரலால் பிடித்தார். கண்ணப்பன் போல்ட்டை வைத்துத் திருகினார். மரை பிடித்தது. இன்னும் ஒரு சுற்று. இன்னும் ஒன்று.

"வுடு."

அவர் விட்டார். உடனே விட்டார். வளையம் நின்றது. மிச்ச முடுக்கலை எல்லாம் கண்ணப்பனே முடித்தார். ஜோயல் வழக்கப்படி பாக்கெட்டிலிருந்து மஞ்சள் பேனாவை எடுத்துவிட்டு, எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்து, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டான். சைட்டை மட்டும் தன் பழைய கோட்டுக்கு இறக்கிவிட்டான். அந்த அளவில் அந்தக் கோடுகள் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றின, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மிச்ச அம்புகளையும் கண்ணப்பன் அடித்து முடித்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "அங்கிள், அது என்ன ரெஸ்ட்?" என்று கேட்டதற்கு "வேட்டைக்காரங்க ரெஸ்ட்டும்மா" என்றார். முதல் இரண்டு அம்புகள் தாழ்ந்து போயின, சைட்டை ஒரு துளி மாற்றியதும் மேலே வந்தன. கை நடுங்கியது, கடைசி அம்பு வரை நடுங்கியது. ஆனால் ஒன்றும் கீழே விழவில்லை. செலக்‌ஷன் லிஸ்டில் அவர் பெயர் இல்லை. லிஸ்டை ஒட்டும் வரை நாங்கள் காத்திருக்கவும் இல்லை, லெமன் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். எனக்கும் ஜோயலுக்கும் பின்னால் இடம் கிடைத்தது, இசைவாணிக்குப் பெண்கள் சீட்டில். கண்ணப்பன் அவர் பக்கத்தில் நின்றார். வலது கையில் வில் பெட்டி, அதனால் மேலே கம்பியைப் பிடிக்க இடது கையைத்தான் தூக்க வேண்டியிருந்தது. எல்லோரும் பார்க்கிற மாதிரி, தலைக்கு மேலே, இரண்டரை விரலோடு அந்தக் கை கம்பியைப் பற்றிக்கொண்டது. வளைவில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. இசைவாணியின் கை சட்டென்று அவர் இடுப்பைப் பிடிக்க எழும்பியது. பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி மடிக்கு வந்து, அங்கேயே இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் வரை கண்ணப்பன் அப்படியே நின்றுகொண்டு வந்தார்.